பறக்கக் கற்றவர் ஏன் விலகுகிறார்?

(வெள்ளிவிழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"இளைஞரும் வாழ்க்கைத் தொழிலும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். எல்லாத் தொழில்களையும் தொட்டுச் சென்றால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் நுழைந்தவர் ஏன் விலகுகின்றனர், அவர்களுக்கு முன்னால் உள்ள வழிகள் யாவை என்று சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அத்தொழில் விமானப்படை விமானியின் தொழில்.

இப்பொருளை எனக்குத் தந்தவள் ஒரு மாணவி. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பினருக்கு மேற்படிப்பு வழிகாட்டும் கூட்டம் ஒன்று நடைபெற்றது. விமானப்படையில் சேரும் வழிகளை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கட்டடக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, "ஐயா, விமானப்படை விமானிகள் பலர் பாதியிலேயே வேலையை விட்டுப் போகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். எங்கள் தெருவில் அரசாங்க வேலை கிடைத்த எவரும் அதை விட்டு நான் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய வேலையை ஏன் விடுகிறார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு விடை தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்வதாக வாக்களித்தேன். இவ்வுரை அவளுக்கு நான் தரவேண்டிய விடையாகும்.

இதனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமானப்படையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவேன். அந்நாட்டில் படைகளின் ஆள்பற்றாக்குறை பற்றிய கணக்குகள் மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, எவரும் படிக்குமாறு வெளியிடப்படுகின்றன. நோயை மறைக்காதவரிடமிருந்தே நோயின் தன்மையை அறிய முடியும்.

போர் விமானி ஒருவரை உருவாக்குவது எளிதான காரியம் அன்று. பட்டப்படிப்பு முடித்து அதிகாரியான ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும். அதன்பின், தாம் ஓட்டப்போகும் விமானத்திற்குரிய தனிப்பயிற்சி பெறவேண்டும். ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் 2019 இல் வெளியிட்ட கணக்கின்படி, எப்-16 விமானத்துக்கு ஒருவரைப் பழக்க 56 இலட்சம் டாலர் செலவாகிறது; எப்-22 விமானத்துக்கு 1 கோடியே 9 இலட்சம் டாலர் ஆகிறது. செலவு முழுவதையும் அரசே ஏற்கிறது. அதற்குக் கைம்மாறாக, பயிற்சி முடிந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். அந்தப் பத்தாண்டு முடியும்போது அவருக்கு முப்பத்துமூன்று அல்லது முப்பத்துநான்கு வயது இருக்கும். கையில் முதிர்ந்த தொழில். முன்னால் இரண்டு கதவுகள். ஒன்று படையில் தொடர்வது. மற்றொன்று பயணிகள் விமான நிறுவனத்தில் சேர்வது.

இரண்டாவது கதவைத் தேர்ந்தெடுத்தோர் பலர். 2017 ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டு விமானப்படைக்குத் தேவையான சுமார் 20,000 விமானிகளில் ஏறத்தாழ 2,000 பேர் குறைவாக இருந்தனர். அதன்பின் ஆறு ஆண்டுகள் சென்ற பிறகும் அக்குறை பெரிதாக நீங்கவில்லை.

வெளியே இழுத்த காரணங்களை முதலில் காண்போம். பயணிகள் விமானிகளின் ஓய்வு வயது அங்கே முன்னர் 60 ஆக இருந்தது. 2007 டிசம்பரில் அதனை 65 ஆக உயர்த்தினர். அதனால் ஐந்தாண்டுக் காலம் ஓய்வுபெறுவோர் குறைந்தனர். புதியவர்க்கு இடமும் குறைந்தது. 2012 இறுதிக்குப் பின் மூத்தவர்கள் அலையலையாக ஓய்வுபெறத் தொடங்கினர். இதற்கிடையே 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 50 பேர் மாண்டனர். அதன் விளைவாக வந்த சட்டத்தின்படி, 2013 முதல் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணிநேரம் பறந்த அனுபவம் தேவையாயிற்று. படையில் பயின்றவருக்கு மட்டும் 750 மணிநேரம் போதும் என்று சலுகை தரப்பட்டது. ஆளுக்குத் தேவை பெருகிய நேரத்தில், ஆயத்தமாக நின்றவர்கள் படைவிமானிகளே. சந்தை அவர்களை வருக என்று அழைத்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விமான நிறுவனங்களில் எல்லாம் பணிமூப்பைப் பொறுத்தவை. எந்த விமானம், எந்த வழித்தடம், எந்த விடுமுறை, எப்போது தலைமை விமானி என்பவற்றை அவர் சேர்ந்த தேதியே முடிவு செய்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிமூப்புப் பட்டியலின் வலிமையை நான் விளக்கவேண்டியதில்லை! முப்பத்துமூன்று வயதில் சேர்ந்தவருக்கும் நாற்பத்தொரு வயதில் சேர்ந்தவருக்கும் இடையிலுள்ள எட்டாண்டு வேறுபாடு, ஓய்வுபெறும் நாள்வரை நீங்குவதில்லை. ஆகவே, படையில் தங்கும் ஒவ்வோர் ஆண்டும் வெளியே ஓர் ஆண்டை இழப்பதாக விமானி கணக்கிடுகிறார்.

படையோ பணத்தால் தடுக்க முயன்றது. தொடர்ந்து பணியாற்ற ஒப்புவோருக்கு ஆண்டுக்கு 12,000 டாலர் வரை ஊக்கத்தொகை தரும் திட்டம் 1989 இல் வந்தது. பின்னர் அது 25,000 ஆயிற்று; 2017 இல் 35,000 ஆயிற்று; 2023 ஆம் ஆண்டிற்கான சட்டத்தில் உச்சவரம்பு 50,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் 2017 இல் தகுதி பெற்றிருந்தவர்களுள் பாதிக்கும் குறைவானவர்களே அதனை ஏற்றனர். 2020 இல் பெருந்தொற்றின்போது விமான நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்தியதும் படையை விட்டு விலகுவோரும் குறைந்தனர். நிறுவனங்கள் மீண்டும் கதவைத் திறந்ததும் பழைய நிலை திரும்பியது. அதாவது, பலர் உள்ளே இருந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த பற்று அன்று. வெளியே இருந்த பூட்டு. பூட்டினால் தங்கியவரைத் தக்கவைத்தவராகக் கொள்ளலாகாது.

அப்படியானால், உள்ளிருந்து வெளியே தள்ளிய காரணங்கள் யாவை? இதுவே நம் பேச்சின் உயிர்நிலை.

பறப்பதற்காகச் சேர்ந்தவர் மேசைமுன் அமர்த்தப்பட்டார். பயிற்சிப் பதிவேடுகள், ஆய்வு அறிக்கைகள், விழா ஏற்பாடுகள், கட்டடப் பராமரிப்பு என்று துணைப்பணிகள் பெருகின. அலுவலக ஊழியர்களைக் குறைத்தபோது அவர்கள் செய்த வேலை விமானிகளின் தலையில் விழுந்தது. இத்துணைப்பணிகளைக் குறைக்க 2016 ஆகஸ்டில் விமானப்படைத் தலைமையே ஆணை பிறப்பித்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை நீங்களே உய்த்துணரலாம். 2013 ஏப்ரலில் நிதிக்குறைப்பினால் 17 போர் விமான அணிகளின் பறத்தலை நிறுத்திவைக்க நேர்ந்தது. பறக்கவே அமர்த்தப்பட்டவர் பறக்காமல் தரையில் நின்றார். இவற்றோடு அயல்நாட்டுப் பணி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம், மனைவியின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் சிதறுதல் ஆகியவையும் சேர்ந்தன.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1980 இல் இயற்றப்பட்ட அதிகாரிகள் சட்டத்தின் உட்கருத்து, "உயர்ந்துகொண்டே செல், இன்றேல் விலகு" என்பதாகும். பதவி உயர்வில் இருமுறை தவறியவர் பொதுவாக வெளியேற நேரிடும். உயர்வு வேண்டுமானால் தலைமையகப் பணி, படைக்கல்லூரிப் படிப்பு, அணித் தலைமை ஆகிய படிகளில் ஏறியாக வேண்டும். "எனக்குத் தலைமைப் பதவி வேண்டா, நான் நன்றாகப் பறப்பேன், இளையோருக்குக் கற்றுத்தருவேன், அது போதும்" என்று சொல்பவருக்கு அந்த ஏணியில் நிற்பதற்கு ஒரு படியும் இல்லை.

அன்பர்களே, இவ்விடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிதுநேரம் அமர்ந்திருந்தேன். ஏனெனில் இது என் கதையும் ஆகும். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். அது எனக்குக் கைவந்த தொழில். பிறகு தலைமையாசிரியராக உயர்த்தப்பட்டேன். அன்றுமுதல் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு, தணிக்கைக்கு விடை, கணினியில் ஏற்றவேண்டிய புள்ளிவிவரம் என்று நாட்கள் கழிகின்றன. வாரத்தில் சில பாடவேளைகளே எனக்கு மிஞ்சுகின்றன. நல்ல ஆசிரியருக்கு நாம் தரும் பரிசு, அவரை வகுப்பறையிலிருந்து எடுத்துவிடுவதே! அமெரிக்க விமானியின் மனக்குறை எனக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

ஆனால் முழு உண்மையையும் நான் கூறவேண்டும். அந்தப் பதவி உயர்வை நான் மறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் தலைமுறை நான். அந்த அறையின் வாயிற் பலகையில் என் பெயர் எழுதப்பட்டதை என் தாயார் வந்து விரலால் தடவிப் பார்த்தார். மேசை தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மேசையில் யார் அமர்கிறார் என்பது பலருடைய வாழ்வை முடிவு செய்கிறது. இதற்கும் அமெரிக்க விமானப்படையின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

அந்நாட்டின் படைகளில் கறுப்பின மக்களுக்கு விமானியாகும் தகுதி இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பெஞ்சமின் டேவிஸ் என்னும் இளைஞர் 1932 இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் உடன்பயின்றோர் அவரோடு பேசாமல் ஒதுக்கினர். அவர் பின்வாங்கவில்லை. விமானப் பிரிவில் இடம் கேட்டபோது, கறுப்பினத்தவருக்கு அங்கே அணியே இல்லை என்று மறுத்தனர். 1941 இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் தனிப்பயிற்சி தொடங்கியது. 1942 மார்ச்சில் தேறிய முதல் ஐவருள் டேவிஸ் ஒருவர். அங்கே 900க்கும் மேற்பட்ட கறுப்பின விமானிகள் உருவாயினர். 1943 இல் அவர்களுடைய அணி போருக்கு ஏற்றதன்று என்று மேலிடத்தில் குறை எழுப்பப்பட்டது. அப்போது அணித் தலைவராயிருந்த டேவிஸ் தலைநகர் சென்று, விசாரணைக் குழுவின் முன் நின்று, தம் விமானிகளுக்காக வாதாடினார். அணி கலைக்கப்படவில்லை. தலைமைப் பொறுப்பில் ஒருவர் இருந்ததனால் பலருடைய சிறகுகள் காக்கப்பட்டன. ஆகவே நமக்குத் தலைமை தாங்குபவரும் வேண்டும். தொழிலில் ஆழ்ந்து நிற்பவரும் வேண்டும். எல்லாரையும் ஒரே ஏணியில் ஏற்றுவதுதான் பிழை.

இப்பிழையைத் திருத்த முயன்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுவோரில் பெரும்பாலோர் வாரண்ட் அதிகாரிகள். அவர்கள் படைத்தலைமையை நாடாமல் தொழில்திறனையே வாழ்வாகக் கொண்டவர்கள். பிரிட்டிஷ் விமானப்படை 2003 இல், பறத்தலையே தொழிலாகக் கொண்டு தொடர விரும்புவோருக்குத் தனிச் சம்பள ஏணி வகுத்தது. அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவு 2018 இல், பறப்பதும் பயிற்றுவிப்பதும் மட்டுமே செய்யும் விமானிகளுக்கென்று சிறிய அளவில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. மற்றொரு வழி, சேமப்படையிலோ மாநிலக் காவற்படையிலோ பகுதிநேர விமானியாகத் தொடர்ந்துகொண்டே பயணிகள் விமானமும் ஓட்டுவது. ஓய்வூதியத்திலும் மாற்றம் வந்தது. முன்னர் 20 ஆண்டு முடியாமல் விலகியவருக்கு ஓய்வூதியம் எதுவும் இல்லை. 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு, இடையில் விலகினாலும் எடுத்துச் செல்லத்தக்க சேமிப்பில் அரசும் பங்கு செலுத்துகிறது.

இவற்றுள் எதுவும் சர்வரோக நிவாரணி அன்று. வாரண்ட் அதிகாரிகளை உடைய தரைப்படையே விமானிகள் குறைந்ததால் 2020 அக்டோபரில் கட்டாயப் பணிக்காலத்தை 6 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீட்டியது. ஆயினும் இவ்வழிகள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன. மனிதர் பணத்துக்காக மட்டும் தங்குவதில்லை. தாம் தேர்ந்த தொழிலைச் செய்யவிட்டு, அதற்குரிய மதிப்பையும் தரும் இடத்திலேயே தங்குகின்றனர்.

இனி, "எங்கள் தெருவில் எவரும் விட்டதில்லை" என்று அம்மாணவி சொன்னாளே, அதற்கு வருகிறேன். வேலையை விடுவதற்கும் ஓர் உரிமை வேண்டும். வெளியே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். மார்லன் கிரீன் என்னும் கறுப்பின விமானி, அமெரிக்க விமானப்படையில் 3,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். படைகளில் இனப்பாகுபாடு கூடாது என்று 1948 இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டிருந்தார். கிரீன் 1957 இல் படையை விட்டு விலகிப் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். கான்டினென்டல் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டார், புகைப்படமும் இணைக்கவில்லை. அழைப்பு வந்தது. நேரில் கண்டபின் வேலை வரவில்லை. அவரைவிடக் குறைந்த நேரம் பறந்திருந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது. அவர் கொலராடோ மாநிலப் பாகுபாட்டுத் தடுப்பு ஆணையத்தில் முறையிட்டார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1963 ஏப்ரல் 22 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். 1965 இல் பணியில் சேர்ந்து 1978 வரை பறந்தார். படையை விட்டு இறங்கியதற்கும் பயணிகள் விமானத்தில் ஏறியதற்கும் இடையே எட்டு ஆண்டுகள்! பணிமூப்பு எத்துணை விலையுயர்ந்தது என்று முன்னர்ச் சொன்னேன். அந்த எட்டு ஆண்டுகளின் விலையை எண்ணிப் பாருங்கள்.

இன்று ஒரு படைவிமானி, "தங்குவதா, செல்வதா" என்று அமைதியாக அமர்ந்து ஆராய்கிறார். அவ்வாறு ஆராயும் உரிமையே ஒருவர் வழக்காடிப் பெற்றது. நம் தெருவில் எவரும் வேலையை விடவில்லை என்றால், எல்லாரும் நிறைவோடு இருக்கிறார்கள் என்பது பொருளன்று. அடுத்த கதவு இல்லை என்பதே பொருள். கல்வி செய்யவேண்டியது அந்த அடுத்த கதவைத் திறப்பது.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு உரிய செய்தி. நம் நாட்டில் தனியாரிடம் விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் பெருஞ்செலவு நம் குடும்பங்களால் எண்ணிப்பார்க்கவும் இயலாதது. அரசே செலவேற்றுப் பறக்கக் கற்றுத்தரும் இடம் படையே. முப்படை ஆள்சேர்ப்பில் இடஒதுக்கீடு இல்லை என்பதை அறிந்துகொண்டே நீங்கள் புறப்பட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதத்தக்கது தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு. வயது வரம்பு பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. 2021 ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற ஆணைக்குப் பின் பெண்களும் அத்தேர்வை எழுதலாம். பட்டம் பெற்றபின் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. அவ்வழியில் குறுகிய காலப் பணியில் சேரும் விமானிக்குப் பணிக்காலம் 14 ஆண்டுகள். இரண்டு வழிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் வாழ்வில் இது முடிவாகும் நாள், பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் அந்த நாளே! "கணக்கு வராது" என்று பிறர் சொன்னதைக் கேட்டு அன்று கணிதத்தை விட்டுவிடாதீர்கள். விமானிக்குரிய திறன் தேர்வை வாழ்நாளில் ஒருமுறையே எழுதலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆயத்தமின்றிச் சென்று அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை ஆண்டுகள் கட்டுப்பட்டிருக்க வேண்டும்? நான் விரும்பும் தொழிலை எத்தனை ஆண்டுகள் கையால் செய்ய முடியும்? விலகும் நாளில் என் கையில் என்ன இருக்கும்? இம்மூன்றும் விமானிக்கு மட்டும் உரியவை அல்ல. எழுத்தர், செவிலியர், ஆசிரியர் எல்லார்க்கும் உரியவை.

அம்மாணவி இப்போது பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். முன்வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா, உன் கேள்விக்கு விடை இதுதான்: படையை விட்டவர்களில் பலர் பறப்பதை விடவில்லை, பறந்துகொண்டே இருப்பதற்காகத்தான் விலகினார்கள். நீ எந்த வேலைக்குச் சென்றாலும், தங்கினால் விரும்பித் தங்கு. விலகினால் தொழிலோடு விலகு. வேறு வழியில்லாமல் தங்கும் நிலை உனக்கு வரலாகாது. அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வைத்துள்ளது.